புல்லட் ரயில் நிக்குது... ஏறத்தான் ஆள் இல்லை! ஜப்பானில் இப்படி ஒரு ஸ்டேஷன்

ஜப்பானின் ஆவோமோரி மாகாணத்தில் இருக்கும் சிற்றூர் இமாபெட்சு. மக்கள்தொகை 3 ஆயிரத்துக்கும் குறைவு. ஆனாலும் இங்கே புல்லட் ரயில் நிற்கும்! நிலையத்தின் பெயர் ஒகுசுகரு-இமாபெட்சு.

எப்படி வந்தது?
கடலுக்கடியே செல்லும் 53.85 கி.மீ. செய்கான் சுரங்கப்பாதை 1988-ல் திறக்கப்பட்டபோது, சாதாரண ரயில் நிலையமாகத் தொடங்கியது. 2016 மார்ச் 26 முதல் புல்லட் ரயில் நிலையம்.

யார் ஏறுகிறார்கள்?
நாளொன்றுக்கு சராசரியாக 100 பேர்கூட இல்லை. பல ரயில்கள் நிற்காமலே பறந்துவிடும்.

ஊருக்கு என்ன சிக்கல்?
பக்கத்திலேயே சுகரு-ஃபுதமதா என்ற உள்ளூர் ரயில் நிலையம். 2022 ஆகஸ்ட் கனமழையில் அந்தப் பாதை சேதமானது. அதைச் சரிசெய்யாமல் பஸ், டாக்சி விட 2024-ல் முடிவானது.

தொலைதூர டோக்கியோவுக்கு ரயில் இருக்கு. பக்கத்து ஊருக்குத்தான் இல்லை!