இடையில் நின்ற படிப்பும் உதவித் தொகையும்

நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வி உதவித் தொகையின் வரலாற்றை எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். அவ்வரலாற்றில் பலரும் பேசாது விடும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படிப்பை இடையில் நிறுத்தியவனுக்கு அத்தொகை என்னவாகிறது என்பதே அது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவியுடன் 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1916இல் இலண்டன் பொருளியற் பள்ளியில் சேர்ந்தார். உதவியின் காலம் முடிவுற்றமையால் 1917இல் படிப்பை நடுவில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவர் சொல்லாமல் புறப்பட்டுவிடவில்லை. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் இசைவைப் பெற்றே கப்பலேறினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிச் சேமித்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் திரும்பிச் சென்றார், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகிய அவர், அவ்வாண்டு அக்டோபரில் அளித்த விண்ணப்பத்தில் நம் மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கேட்டார். ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பெற்று, 1944இல் திட்டம் தொடங்கியது. இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித் தொகை என வழங்குவது அதுவே.

அதன் விதிகள் கண்டிப்பானவை. ஆண்டின் இடையில் படிப்பை நிறுத்தினால், பெற்ற தொகையைத் திரும்பக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினாலும் தொகை நிறுத்தப்படலாம். ஆனால் நோயினால் ஆண்டுத் தேர்வு எழுத இயலாதவர், மருத்துவச் சான்று அளித்து, தேர்வு எழுதியிருந்தால் தேறியிருப்பார் எனக் கல்லூரி முதல்வரும் கருதினால், மறு ஆண்டு தொகையைத் தொடர்ந்து பெறலாம் என்னும் விதியும் அவற்றுள் இடம்பெற்று வந்துள்ளது. இதை அறிந்த பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரியை விட்டு நிற்பது பெரும்பாலும் வீட்டுக் கடனால்தான். பள்ளிபாளையத்தில் தறிக்கு முன்பணம் வாங்கிய வீடு, திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போக அழைப்பு, இவற்றின் முன் வகுப்பறை எம்மாத்திரம்? 1989இல் என்னுடன் விடுதியில் தங்கிப் படித்த நண்பர், தந்தை இறந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் ஊர் போய்விட்டார். ஈராண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்கச் சென்றபோது, பெற்ற தவணையைக் கட்டிவிட்டு வா என்றனர். கல்லூரியின் பெயர் வேண்டா. அன்று அத்தொகை அவருக்கு மலை. லாரிக்குப் போனார்.

2012 முதல் தனியார் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தையும் தமிழக அரசு ஏற்கலாயிற்று. நன்மைதான், ஆயினும் மாணவன் நின்றுவிட்டால் வராத கட்டணத்தை அவனிடமே கேட்டு, மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்த கல்லூரிகளும் உண்டு. அவ்வாறு வைத்திருக்கலாகாது என 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது.

அந்நண்பரின் மகள் 2019இல் மஞ்சள் காமாலையால் தேர்வு எழுதவில்லை. கல்லூரியை விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். மருத்துவச் சான்றுடன் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்து முதல்வரிடம் அனுப்பினேன். தொகை தொடர்ந்து வந்தது. பட்டம் பெற்ற அன்று நண்பர் லாரியை எங்கள் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, மகளின் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார்.