பினாங்குக் காற்பந்துக் குழு தரமிறங்கிய ஆண்டு



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குக் காற்பந்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். டத்தோ கிராமாட் சாலை வட்டாரத்தில் நிற்கும் நகர அரங்கத்திலிருந்து எழும் கைதட்டல் மெல்லத் தொடங்கி, விரைவாகி, இறுதியில் ஒரே முழக்கமாக மாறும். 'கிராமாட் முழக்கம்' என்று பெயர் பெற்ற அவ்வொலியைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிய தலைமுறை எங்களுடையது.

என் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. பினாங்கின் வரலாற்றை அவர் கிண்ணங்களைக் கொண்டே கணக்கிடுவார். 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் மலாயாக் கிண்ணம்.  1974-இல் பேராவை வென்று பெற்ற மலேசியக் கிண்ணம். நாமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா, பக்கார் சகோதரர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கள் வீட்டில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின. (சிலாங்கூர்க் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் மட்டும் இதற்கு விலக்கு. அவர் எந்த மாநிலத்துக்கு ஆடினாலும் "நம்ம ஆள்" என்பார் தந்தையார்.)

இவ்விடத்தில் இளைய ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 1921-இல் தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டியில் 'தரமிறக்கம்' என்பதே கிடையாது. தோற்ற மாநிலம் வீடு திரும்பும். மறு ஆண்டு அதே தகுதியோடு வந்து நிற்கும். கடைசியில் நிற்பவர் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும் என்னும் முறை இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவானது. 1893-இல் மேற்பிரிவில் கடைசியாக நின்றவர்களும் கீழ்ப்பிரிவில் முன்னால் நின்றவர்களும் தங்களுக்குள் மோதிப் பார்த்தனர். 1898 முதல் அந்தச் சோதனை ஆட்டமும் கைவிடப்பட்டது. புள்ளிப் பட்டியலே தீர்ப்பு எழுதியது. நம் நாட்டில் 1989-இல் பகுதி நேரத் தொழில்முறை லீக் இரண்டு பிரிவுகளாகத் தொடங்கப்பட்ட பிறகுதான் அம்முறை வேரூன்றியது. இங்கிலாந்தில் கீழிறங்குவது ஓர் ஊரின் அல்லது பேட்டையின் கழகம். இங்கோ ஒரு மாநிலத்தின் பெயரே கீழிறங்குகிறது. தந்தையாருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. "மாநிலத்தை எப்படிடா கீழே இறக்க முடியும்?" என்பார்.

1998-இலும் 2001-இலும் பினாங்கு லீக் வெற்றியாளர் ஆனது. 2002-இல் எஃப்.ஏ. கிண்ணமும் வந்து சேர்ந்தது. 2001-இல் நான் சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். வார இறுதியில் பேருந்து ஏறி ஆட்டம் பார்க்க வந்து, திங்கட்கிழமை கற்பித்தல் பயிற்சிக்குத் தொண்டை கட்டிய நிலையில் போனதுண்டு.

வீழ்ச்சி அதன் பின் பத்தாண்டுகளுக்குள் வந்தது. 2011 பருவ முடிவில் சூப்பர் லீக்கிலிருந்து பிரிமியர் லீக்கிற்கு இறங்கியது. அங்கேயாவது நிலைபெறும் என்று எண்ணினோம். 2012-இல் அங்கிருந்தும் இறங்கி, மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் விழுந்தது. நான்கு முறை நாட்டின் பெருங்கிண்ணத்தை ஏந்திய மாநிலம், தன் சொந்தத் தண்ணீர் வாரியத்தின் குழுவோடு ஒரே லீக்கில் ஆட வேண்டிய நிலை! 2013 முடிவில் மாநிலக் குழுவும் அந்தத் தண்ணீர் வாரியக் குழுவும் சேர்ந்தே மேலேறின. 2015-இல் பிரிமியர் லீக்கில் கெடாவுக்கு அடுத்த இடம் பெற்றுப் பினாங்கு மீண்டும் சூப்பர் லீக் சேர்ந்தது.

2016 பிப்ரவரி 16-ஆம் நாள், நகர அரங்கத்தில் பகாங்கிற்கு எதிரான ஆட்டம். இடப்பக்கத்தில் வெகு தொலைவிலிருந்து முகமட் ஃபைஸ் சுப்ரி ஒரு ஃபிரீ கிக் அடித்தார். ஒரு பக்கம் போவது போலத் தோன்றிய பந்து காற்றிலேயே மனம் மாறி மறுபக்கம் வளைந்து வலைக்குள் புகுந்தது. உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. 2017 ஜனவரி 9-ஆம் நாள் சூரிக் நகரில், ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை அவர் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. மேடையில் ஏற்புரையைத் தம் கைத்தொலைபேசியில் தேடித் தடுமாறிய அந்தச் சில நொடிகள் என் நினைவில் கோலைவிட ஆழமாகப் பதிந்துள்ளன. சபை கூட்டத்தில் பேச வந்து எழுதிய தாளைத் தேடும் மாணவர்களைப் பார்க்காத ஆசிரியர் உண்டா?

அந்த விருது வந்த அதே மாதத்தில் 2017 லீக் தொடங்கியது. அப்போது பள்ளித் தவணையும் ஜனவரியில்தான் தொடங்கும். நான்காம் ஆண்டு வகுப்பு என்னிடம் வந்தது. அதில் ஒரு சிறுவன். தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் கண்கள் எழுத்தின் மேல் நிற்காது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுவான். ஆனால் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் விடமாட்டான். ஆகவே வாரந்தோறும் புள்ளிப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்பில் ஒட்டினேன். பன்னிரண்டு குழுக்களின் பெயர்களை அவனே வாசிக்க வேண்டும். 'ஜொகூர்' வந்தது, 'சிலாங்கூர்' வர மூன்று வாரம் ஆனது. பினாங்கின் பெயரைத் தேட மட்டும் அவனுக்கு நேரமே ஆகவில்லை. அது கீழேதான் இருந்தது.

பெங்களூரு குழுவுக்கு இரண்டு முறை இந்திய ஐ-லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்த ஆங்கிலேயப் பயிற்றுநர் ஆஷ்லி வெஸ்ட்வுட்டை அவ்வாண்டுக்கு அழைத்து வந்திருந்தனர். பருவம் முடியும் முன்னரே அவர் போய்விட்டார். முந்தைய ஆண்டும் குழு தத்தளித்தே தப்பியிருந்தது என்பதை விருதின் ஒளியில் நாம் மறந்துவிட்டோம் என்பது என் கருத்து. ஓர் அரிய கோல் ஒரு குழுவின் தற்காப்பைச் சீர்செய்துவிடாது. பேச்சுப் போட்டியில் ஒரு மாணவன் தேசிய அளவில் பரிசு பெற்றால் பள்ளியே முன்னேறிவிட்டதாகப் பதாகை கட்டும் நமக்கு இது புதிதன்று.

நான் இரண்டு ஆட்டங்களுக்கு மகனுடன் போனேன். காலி இருக்கைகள் மிகுந்திருந்தன. கைதட்டல் தொடங்கும், முழக்கமாக மாறுவதற்குள் அடங்கிவிடும். அக்டோபர் இறுதியில் 22 ஆட்டங்களும் முடிந்தபோது பினாங்கு பன்னிரண்டாம் இடத்தில் நின்றது. சரவாக்கும் உடன் இறங்கியது. அடுத்த வாரமே, நவம்பர் 4, 5-ஆம் நாள்களில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. காற்பந்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை.

வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபின், பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுவன் அருகில் வந்தான். "சார், பினாங்கு கடைசி. அதனால் கீழே போகுது. நானும்தான் கடைசி. ஆனா என்னை அஞ்சாம் ஆண்டுக்கு அனுப்புறீங்களே, எப்படி சார்?"

என்னிடம் பதில் இல்லை. நம் பள்ளிகளில் எல்லா மாணவரும் ஆண்டுதோறும் தானாகவே மேல்வகுப்புக்குச் செல்கின்றனர். தோல்வியடைந்த பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி அவமானப்படுத்தக் கூடாது என்னும் நோக்கம் நல்லது. நானும் அதை ஆதரிப்பவனே. ஆயினும் வாசிக்கத் தெரியாத ஒருவனை ஒவ்வோர் ஆண்டும் மேலே அனுப்பும்போது, அவனுக்கு நாம் செய்வது உதவியா, அல்லது அடுத்த ஆசிரியரிடம் தள்ளிவிடுவதா? பினாங்குக் குழு மூன்றாம் நிலைவரை இறங்கியது, தன் தகுதிக்கேற்ற எதிரிகளோடு ஆடியது, சில ஆட்டங்களை வென்று பழகியது, பிறகு ஏறியது. அவனுக்கு அத்தகைய ஒரு திடலை நான் அமைத்துத் தரவில்லை. ஐந்தாம் ஆண்டில் அவன் என் வகுப்பில் இல்லை. ஆயினும் வாரம் இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்தேன். முதலாம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்கினோம். அவன் அதைப் 'பிரிமியர் லீக்' என்றான்.

குழுவின் கதையை முடித்துவிடுகிறேன். 2020-இல் பினாங்கு பிரிமியர் லீக் வெற்றியாளர் ஆனது. பெருந்தொற்றினால் ஒவ்வொரு குழுவுக்கும் 11 ஆட்டங்கள் மட்டுமே. மீண்டும் தொடங்கியபோது பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வெற்றி வந்தது, முழக்கம் இல்லை. தந்தையார் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஒலியைக் குறைத்துவிட்டார். 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022-இலோ மீண்டும் பன்னிரண்டாம் இடம். ஆனால் இம்முறை இறங்கவில்லை. 2023 முதல் மேல்நிலை லீக்கை விரிவாக்கிப் பிரிமியர் லீக்கையே எடுத்துவிட்டனர். இறங்குவதற்குப் படியே இல்லாமல் போயிற்று.

அப்பருவத்தில் ஒருநாள் அரங்கத்தின் வெளியே அந்தச் சிறுவனைக் கண்டேன். படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தான். நீல மஞ்சள் சட்டை, என்னைவிட உயரம். பழைய பட்டியல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். தன் கைத்தொலைபேசியில் அன்றைய ஆட்டக்காரர் பெயர்களைக் கோல் காவலர் முதல் மாற்று ஆட்டக்காரர்வரை எங்கும் தடங்கலின்றி வாசித்துக் காட்டினான். ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எதிர்க்கடையில் இரண்டு தே தாரிக் சொன்னேன்.