அழுத்தமா, ஆக்சிஜனா? திரவச் சுவாச சிகிச்சை கடந்துவந்த பாதை

கடுமையாகச் சேதமுற்ற நுரையீரலைத் திரவத்தால் நிரப்பிச் சுவாசிக்க வைக்கும் முயற்சி, பெரியவர்களைப் பொறுத்தவரை 2006இல் வெளியான ஆய்வு முடிவோடு ஏறத்தாழ நின்றுபோனது. விந்தையான கற்பனை ஒன்று நடைமுறையில் தோற்றது என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. நுரையீரலின் உள்ளே எழும் அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்த இந்தச் சிகிச்சை, வளர வளர இரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனையே தன் வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்டது. அந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் அதன் தோல்வியை விளங்கிக்கொள்ள முடியாது.

1929இல் கர்ட் ஃபான் நீர்கார்ட், காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் விரிக்கும்போது நுரையீரலுக்கு மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்று நிறுவினார். காற்றும் ஈரமும் சந்திக்கும் எல்லையில் எழும் பரப்பு இழுவிசையே நுண்ணறைகளைச் சுருங்கவைக்கிறது; திரவம் நிறைந்தால் அந்த எல்லையே இல்லாமல் போகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு, இந்த இழுவிசையைத் தணிக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளின் குறைபாடே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டியபோது, நீர்கார்டின் கண்டுபிடிப்பு மருத்துவப் பொருள் பெற்றது. இதற்கிடையே இன்னொரு ஆர்வம் வளர்ந்தது. 1962இல் யோஹான்னஸ் கில்ஸ்ட்ரா, உயரழுத்தத்தில் ஆக்சிஜன் கரைக்கப்பட்ட உப்புக்கரைசலில் எலிகளைச் சுவாசிக்க வைத்தார். 1966இல் லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும், ஆக்சிஜனை ஏராளமாகக் கரைத்துவைக்கும் பெர்ஃபுளூரோகார்பன் திரவத்தைக் கொண்டு சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே அதைச் சாதித்தனர். அன்றுமுதல் திரவம் ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் ஊடகமாகவே பெரிதும் பார்க்கப்பட்டது.

மனிதர்களிடம் நடந்த முதல் முயற்சிகளிலும் இந்தப் பார்வையே மேலோங்கியது. 1989இல் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகக் குழு, சாகும் தறுவாயிலிருந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைச் சிறிது நேரம் திரவத்தால் நிரப்பியது. நுரையீரலின் விரியும் தன்மை மேம்பட்டபோதும் குழந்தைகள் பிழைக்கவில்லை. 1991இல் பிராட்லி ஃபுர்மன் எளிய வழி ஒன்றை முன்வைத்தார்: நுரையீரலில் ஓரளவு திரவத்தை விட்டுவைத்து, வழக்கமான வென்டிலேட்டரால் காற்றைச் செலுத்துவது. தனிக்கருவி தேவைப்படாததால் இந்தப் பகுதித் திரவச் சுவாசம் விரைவாகப் பரவியது. 1996இல் பதின்மூன்று குறைமாதக் குழந்தைகளிடம் இதைச் செய்துபார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் இரத்த ஆக்சிஜன் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்த ஆய்வு பெரும் நம்பிக்கையைத் தந்தது.

அந்த நம்பிக்கையின் அடிப்படையை அசைத்தது 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அதற்கும் திரவத்துக்கும் தொடர்பில்லை. நுரையீரல் கடுமையாகச் சேதமுற்ற 861 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றும், மறுபாதிக்கு 6 மில்லிலிட்டரும் செலுத்தப்பட்டன. குறைந்த மூச்சளவு பெற்றவர்களின் ஆக்சிஜன் நிலை முதல் சில நாட்களில் மோசமாகவே இருந்தது; ஆனாலும் மற்ற குழுவில் 39.8 விழுக்காடாக இருந்த இறப்பு அவர்களிடையே 31.0ஆகவே இருந்தது. உயிரைக் காத்தது ஆக்சிஜன் ஏற்றம் அல்ல, நுரையீரலை மிகையாக இழுக்காத மென்மை. 2006இல் வெளியான, 311 பெரியவர்களைக் கொண்ட பகுதித் திரவச் சுவாச ஆய்வும் இதே திசையைக் காட்டியது. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 15 விழுக்காட்டினர் இறந்தனர்; குறைந்த அளவு திரவம் பெற்றவர்களில் 26.3, அதிக அளவு பெற்றவர்களில் 19.1 விழுக்காட்டினர். இறப்பு வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. எனினும் திரவம் பெற்றவர்கள் வென்டிலேட்டரைச் சார்ந்திருந்த நாட்கள் கூடின; நுரையீரலுக்கு வெளியே காற்று கசிவதும் அதிகரித்தது.

தோற்றது பகுதி முறைதான், முழுமையான திரவச் சுவாசம் அல்ல என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அதில் உண்மை உண்டு: பகுதி முறையில் காற்றும் திரவமும் சந்திக்கும் எல்லை நுரையீரலுக்குள் மீண்டும் வந்துவிடுகிறது, நீர்கார்ட் நீக்க நினைத்ததும் அந்த எல்லையைத்தான். ஆனால் முறையாகச் சோதிக்கப்படாததை வெற்றி என்று கொள்ள முடியாது. கனத்த திரவத்தை ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செலுத்தி வெளியே எடுப்பதும், அதன் வழியே கரியமில வாயுவைப் போதிய வேகத்தில் அகற்றுவதும் கடினமான பொறியியல் பணிகள். கனடாவின் ஷெர்புரூக்கில் ஆட்டுக்குட்டிகளிடம் நடந்த முழுத் திரவ ஆய்வுகள் கருவியைச் செம்மைப்படுத்த உதவுகின்றன. நோயாளிக்கான விடையை அவை தந்துவிடாது. அளவுகோலைக் குறை சொல்வதால் 2006இன் முடிவு மாறிவிடாது என்பது இரண்டாவது மறுப்பு. மாறத் தேவையில்லை; பகுதி முறையைப் பெரியவர்களுக்கு வழங்கக் கூடாது என்ற முடிவு சரியானதே. ஆனால் இனி எவரேனும் முழுத் திரவச் சுவாசத்தை மனிதர்களிடம் சோதிக்க முன்வந்தால், ஒரு மணி நேரத்தில் ஏறிய ஆக்சிஜனைக் காட்டி ஒப்புதல் கேட்கக் கூடாது. நுரையீரல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியது, எவ்வளவு காயப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தனர் என்பவற்றைத்தான் காட்ட வேண்டும்.