திருப்பத்தில் எழும் சப்தம்

நேர்ச்சாலையில் அமைதியாக ஓடும் மோட்டார் வண்டி, தெருமுனையில் திரும்பும்போது மட்டும் கரகரவென்று அரைக்கத் தொடங்குமாயின், அதன் காரணத்தைத் தேடும் மெக்கானிக் வண்டித் தொழிலின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தையே கையால் தடவிப் பார்க்கிறார் எனலாம்; ஏனெனில் நான்கு சக்கர வாகனத்தைத் திருப்புவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வோர் உபாயமும் தனக்கென ஒரு கோளாறையும், அந்தக் கோளாறுக்கென ஒரு குரலையும் உடன் கொண்டே வந்திருக்கிறது.

நம் மாட்டு வண்டிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அச்சு அசையாமல் நிற்க, இரு சக்கரங்களும் தத்தம் போக்கில் உருள்வதால், திரும்புகையில் உட்சக்கரம் மெல்லவும் வெளிச்சக்கரம் விரைந்தும் சுற்றிக்கொள்ளும். இழுக்கும் பாரமோ மாடுகளுடையது. யந்திரமே சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமுள்ள கார் அரைவட்டமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.4 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டாலோ, ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும்.

பிரெஞ்சுக்காரரான ஒனெசிஃபோர் பெக்கேர் 1828-இல் தமது நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற டிஃபரென்ஷியல், யந்திரத்தின் பலத்தை இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டு, வேகத்தை மட்டும் அவற்றின் சௌகரியத்துக்கு விட்டுவிட்டது. முன்சக்கரங்களைத் தனித்தனிக் கோணத்தில் திருப்பும் ஏற்பாட்டை மியூனிக் நகரத்து வண்டி கட்டுபவரான லாங்கென்ஸ்பெர்கர் அதற்கு முன்பே, 1817-இல், கண்டிருந்தார். மறு ஆண்டு லண்டனில் அதைப் பதிவு செய்த ருடால்ஃப் அக்கர்மனின் பெயரே அதற்கு இன்றளவும் வழங்கிவருகிறது. இவ்வளவும் இருந்தும் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டி மூன்று சக்கரத்தோடுதான் நின்றது. முன்புறம் இரு சக்கரங்களைத் திருப்தியாகத் திருப்பும் வழி அவருக்கு 1893-இல்தான் கைகூடிற்று.

டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் நேர்ச்சாலையில் தம் அச்சில் சுழலாமல் சும்மா இருக்கும். திருப்பத்தில்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே அம்பாசடர், பத்மினி முதலிய பின்சக்கரம் உந்தும் கார்களில், திரும்பும்போது மட்டும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து அரைக்கும் ஓசை வந்தால் அந்தக் காலத்து மேஸ்திரி வேறெதையும் தொடமாட்டார். டிஃபரென்ஷியலின் அடித்திருகைக் கழற்றி, வடியும் எண்ணெயை விரல்நுனியில் ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். இரும்புத் தூள் மினுங்கினால் விஷயம் முடிந்தது.

இரண்டாவது குரல் பேரிங்குக்கு உரியது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் வண்டி கட்டும் தொழிலில் இருந்த ஹென்றி டிம்கென், பாரவண்டிகள் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைச் சாதாரணப் பேரிங் தாங்குவதில்லை என்பதை உணர்ந்து, மேலிருந்து வரும் சுமை, பக்கத்திலிருந்து வரும் தள்ளல் இரண்டையும் ஒருங்கே ஏற்கும் கூம்பு வடிவ உருளைப் பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். ஆதலால் பேரிங் தேய்ந்தால் அது முணுமுணுப்பதும் திருப்பத்தில்தான் அதிகம். வண்டி இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறச் சக்கரங்களின்மேல் சாயும். அப்போது இரைச்சல் ஓங்கி, வலப்புறம் திரும்பும்போது அடங்கினால் வலப்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தம் போகவில்லையே என்று விழிப்பவர்கள் பட்டறைதோறும் உண்டு. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தால் உள்ளே மணலை அரைப்பது போன்ற நறநறப்பு விரலுக்கு எட்டும்.

பின்னர் யந்திரத்தின் பலத்தை முன்சக்கரங்களுக்கே கொண்டுசெல்லும் ஆசை வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த மூட்டு, கோணத்தில் வளைந்ததும் ஒரே வேகத்தில் சுழலாமல் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க வண்டி உதறும். ஆல்ஃபிரட் ரிசெப்பா என்னும் பொறியாளர் 1920-களில் வகுத்த மூட்டில், ஆறு எஃகுக் குண்டுகள் எந்த வளைவிலும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நின்று, சுழற்சியைச் சீராகக் கடத்தின. 1959-இல் வெளிவந்த மினி கார் அவ்வகை மூட்டைப் பிரபலமாக்கிற்று. இந்தியத் தெருக்களில் அது பரவலானது, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகுதான்.

பின் ஆக்சிலையே பார்த்துப் பழகிய பட்டறைக்காரர்கள் அன்று புதிய பாடம் கற்றனர். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து மெதுவாக நகர்த்தினால் ‘டக் டக்’ என்று எண்ணக்கூடியபடி கேட்பது சி.வி. ஜாயின்ட் எனப்படும் இம்மூட்டு, அதைக் கவனியாமல் விட்டால் நாளடைவில் அரைக்கும் சத்தமாக முற்றும். பெரும்பாலும் முதற்குற்றவாளி மூட்டு அன்று, அதை மூடியிருக்கும் ரப்பர் பூட். அது கிழிந்ததும் கிரீஸ் வெளியே தெறிக்கும், தூசியும் நீரும் உள்ளே புகும். சக்கரத்தின் உட்புறத்தில் விசிறியடித்தாற்போல் கருங்கிரீஸ் படிந்திருந்தால், சத்தம் கேட்கும் முன்பே பூட்டை மாற்றிவிடலாம். சத்தம் வந்த பிறகு புதுப் பூட் போடுவது, என் அபிப்பிராயத்தில், வீண் செலவு.

1953-இல் லு மான் பந்தயத்தில் ஜாகுவாருக்கு வெற்றி தேடித்தந்த டிஸ்க் பிரேக் பின்னர் சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வந்தபோது, தட்டின் பின்னே ஒரு மெல்லிய தகரக் காப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கும் தட்டுக்கும் நடுவே ஜல்லிக்கல் ஒன்று சிக்கினாலோ, தகரம் சற்று வளைந்தாலோ, திருப்பத்தில் எழும் கிறீச்சென்ற அரைப்பு பேரிங், ஜாயின்ட் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாய் இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் தகரத்தை நெம்பிவிட்டால் போதும். ஆகவே அனுபவஸ்தர்கள் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆக்சிலிலிருந்து தொடங்குகிறவர்களிடம் வண்டியை விட்டால், கல் அங்கேயே இருக்கும்.