மாநிலத் தள ஆயமுறை: அமெரிக்க நில அளவையின் சட்ட அடிப்படை

ஓர் எல்லைப் புள்ளியை ஆயத்தொலைவுகள் எனப்படும் இரண்டு எண்களால் குறித்துவிடலாம். அந்த எண்கள் பூமிக்கு எந்த வடிவத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டவை, எங்கிருந்து எண்ணப்பட்டவை, எந்த அடியில் அளக்கப்பட்டவை என்று தெரியாவிட்டால் அவற்றால் நிலத்தில் ஓர் அங்குலத்தைக்கூடக் காட்ட முடியாது. இவற்றைச் சட்டத்தின் வழியே நிலைநிறுத்த அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1930-களில் எழுந்த ஏற்பாடே மாநிலத் தள ஆயமுறை. இதன் வரலாற்றைக் கருவிகள் கூர்மையடைந்த கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்நாட்டு மாநிலங்களின் சட்டங்கள் திருத்தப்பட்ட விதத்தைப் பார்த்தால், எண்ணை அதன் ஆதாரத்திலிருந்து பிரியவிடாமல் காப்பதே அவற்றின் ஓயாத வேலையாக இருந்திருப்பது புலப்படும்.

அட்லாண்டிக் கரையோரப் பழைய குடியேற்றங்களில் நிலம் மரம், பாறை, ஓடை, அண்டை நிலத்துக்காரர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு விவரிக்கப்பட்டது. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பின் மேற்குப் பகுதிகள் சதுரக் கட்டங்களாக அளக்கப்பட்டன. இரண்டிலும் மூலைக்கல் அழிந்தால் எல்லையை மீட்பது கடினம். மறுபுறம், மத்திய அரசின் கடற்கரை மற்றும் புவியளவைத் துறை நாடு முழுதும் முக்கோண அளவை வலையை விரித்திருந்தது. பூமியின் வடிவமாகக் கொள்ளப்பட்ட கிளார்க் 1866 நீள்கோளத்தையும் கான்சாஸ் மாநிலத்தின் மீட்ஸ் ராஞ்ச் நிலையத்தையும் ஆதாரமாகக் கொண்டு 1927-இன் வட அமெரிக்க ஆதார அமைப்பு உருவானது. அதன் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கு சாதாரண நில அளவையாளருக்கு எட்டாத சுமை. வட கரோலினா நெடுஞ்சாலைப் பொறியாளர் ஜார்ஜ் சைம் 1933-இல் ஓர் எளிய வழி கேட்க, அத்துறையின் கணிதவியலாளர் ஆஸ்கர் ஆடம்ஸ் அந்த வளைந்த பரப்பைத் தட்டையான கட்டத்தில் விரித்துக் காட்டும் முறையை வகுத்தார். கிழக்கு மேற்காக நீண்ட மாநிலத்துக்கு லாம்பர்ட் கூம்பு, வடக்கு தெற்காக நீண்டதற்குக் குறுக்கு மெர்கேட்டர். நீளத்தில் திரிபு ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கைத் தாண்டாதபடி மண்டலங்கள் பிரிக்கப்பட்டன. 1935-இல் நியூ ஜெர்சி இதைச் சட்டமாக்கியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

கணிதத்துக்கு எதற்குச் சட்டம், அதைத் தொழில் அறிந்தவர்களிடமே விடலாமே என்று கேட்கலாம். அளவையாளரின் குறிப்பேடு அவருக்கு மட்டும் விளங்கினால் போதும். கிரயப் பத்திரம் அப்படியல்ல. வாங்கியவரும் விற்றவரும் மறைந்த பிறகும், அதை எழுதியவரை அறியாத ஒரு நீதிபதி அதிலிருந்தே நிலத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். சட்டமியற்றியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். ஆகவே ஆயத்தொலைவுகளை அனுமதித்த கையோடு அவற்றுக்குக் கடிவாளமும் போட்டார்கள். பழைய சட்டங்கள் பல, அரசின் அளவை நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் இணைக்கப்பட்ட புள்ளிகளின் ஆயத்தொலைவுகளையே பதிவுக்கு ஏற்றன. அரசின் சதுரக் கட்ட நில அளவையோடு முரண்பட்டால் ஆயத்தொலைவு துணை விவரமாகவே கொள்ளப்படும் என்றன. அவற்றை மட்டுமே நம்பிய விவரத்தை ஏற்கும்படி வாங்குவோரையோ அடமானம் பெறுவோரையோ கட்டாயப்படுத்த முடியாது என்றும் எழுதிவைத்தன.

இன்று செயற்கைக்கோள் அளவு சென்டிமீட்டர் நுணுக்கம் தரும்போது, எல்லை வழக்கில் எண்ணைவிடப் புல்டோசர் பிடுங்கிவிடக்கூடிய மூலைக்கல்லுக்கு ஏன் முதலிடம் என்ற மறுப்பு வலுவானதே. ஆனால் வழக்கில் தேடப்படுவது மிகச் சரியான அளவு அன்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடம். அவர்கள் கண்ணால் பார்த்து ஒத்துக்கொண்டது கல்லை; எண் பிறகு எழுதப்பட்டது. கல் தொலைந்த பின் அது நின்ற இடத்துக்கான சான்றாக எண் வரும்போது அதன் மதிப்பு மிகப் பெரியது. அந்தச் சான்று செல்ல வேண்டுமானால் எண்ணின் ஆதாரம் ஐயமறத் தெரிய வேண்டும்.

அடியின் வரலாறு இதற்குத் தெளிவான சாட்சி. 1893-இல் மெண்டன்ஹால் ஆணை அமெரிக்க அடியை மீட்டரின் 1200/3937 பங்காக வரையறுத்தது. 1959-இல் பன்னாட்டு உடன்பாட்டின்படி அடி 0.3048 மீட்டர் ஆனது. புவியளவை வலையை மறுபடி கணக்கிடும் வரை அதற்கு மட்டும் பழைய அடி 'அளவை அடி' என்ற பெயரில் நீடிக்கட்டும் என்று விடப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. நூறடி மனையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆயத்தொலைவோ மனையின் மூலையிலிருந்து எண்ணப்படுவதில்லை. எங்கோ தொலைவில் கற்பித்த தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது. 20 லட்சம் அடி என்ற எண்ணில் அந்த நுண்ணிய வேறுபாடு நான்கு அடியாகிவிடும். சுவர் யாருடையது என்பதைத் தீர்மானிக்க அது தாராளம்.

மறுகணக்கீடு 1986-இல் முடிந்தது. ஜிஆர்எஸ் 80 நீள்கோளத்தின் மேல் அமைந்த 1983 ஆதார அமைப்பில் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகள் கண்டப் பகுதியில் 10 முதல் 100 மீட்டர் வரை மாறின. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒருவர் குழப்பிக்கொள்ளாதிருக்கப் பல மண்டலங்களின் தொடக்க மதிப்புகளே மாற்றப்பட்டன. எண்ணைப் பார்த்தவுடன் அது எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று தெரியும்படி செய்த இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. அடி விஷயத்தில் அந்த அக்கறை காட்டப்படவில்லை. மத்தியத் துறை மீட்டரில் வெளியிட்டுவிட்டு அடியை மாநிலங்களிடம் விட்டது. பெரும்பாலானவை அளவை அடியைச் சட்டத்தில் எழுதின. அரிசோனா, மிச்சிகன், ஆரிகன் போன்ற சில பன்னாட்டு அடியை எடுத்தன. 2022 டிசம்பர் 31-க்குப் பின் அளவை அடியைக் கைவிட மத்திய அரசுத் துறைகள் அறிவித்தபோதும், 1927, 1983 அமைப்புகளின் பழைய பதிவுகளைப் படிக்க அது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

நிலமே நகரும் இடத்தில் காலமும் ஆதாரத்தின் பகுதியாகிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு கரைகளும் ஒன்றையொன்று கடந்து ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதால், கலிஃபோர்னியாவின் சட்டம் ஆயத்தொலைவோடு அது எந்தக் காலத்துக்குரியது என்பதையும் தசம ஆண்டாகக் காட்டச் சொல்கிறது. நிலநடுக்கத்தால் எல்லைகள் இடம்பெயர்ந்தால் நீதிமன்றம் நியாயத்தின்படி அவற்றை மீண்டும் வகுக்க 1972-இன் கல்லன் நிலநடுக்கச் சட்டம் அங்கே வழி செய்தது.

1983 அமைப்பின் மையம் பூமியின் உண்மையான நிறைமையத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் விலகியிருப்பதால் அதன் இடத்தில் புதிய ஆதாரச் சட்டகங்கள் தயாராகியுள்ளன. ஆண்டைப் பெயராகக் கொண்ட சட்டங்கள் இப்படிப் பழசாகிப்போகும், 'நடப்பிலுள்ள அண்மை அமைப்பு' என்று பொதுவாக எழுதினால் திருத்தமே வேண்டாம் என்பது பலர் வாதம். சட்டமன்றத்தின் உழைப்பு அதனால் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் 1990-இல் எழுதிய பத்திரத்தில் அந்தச் சொற்றொடர் மட்டும் இருந்தால், 2030-இல் படிப்பவருக்கு அது எந்த அமைப்பைக் குறிக்கும்? மத்தியத் துறை வரையறுக்கும் அமைப்பை மாநிலச் சட்டம் பொதுவாக ஏற்கலாம். அதோடு அமைப்பின் பெயர், மண்டலம், காலம், அலகு ஆகிய நான்கையும் ஒவ்வொரு பத்திரமும் வரைபடமும் எழுதியே ஆகவேண்டும் என்றும், பழைய பதிவுகள் அவை எழுதப்பட்ட அமைப்பிலேயே படிக்கப்படும் என்றும் விதிக்க வேண்டும்.