தங்கராஜ் காத்த கோல்

2011 ஜனவரி 18. கத்தாரின் தோஹா நகரில் ஆசியக் கோப்பை ஆட்டம். இந்தியாவுக்கு எதிரே தென்கொரியா. முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழுந்துவிட்டது. இனி எத்தனை விழுமோ என்று பார்த்தவர்களுக்கெல்லாம் பதைப்பு. ஆனால் முடிவு 1-4 என்பதோடு நின்றது. நான்காவது கோலை அடித்த பதினெட்டு வயதுப் பையன் சன் ஹியுங் மின்னுக்கு அதுதான் முதல் சர்வதேச கோல். பின்னாளில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்கே தலைவரானவர் அவர்.

அன்று ஸ்கோர் ஏழு, எட்டு என்று ஏறாமல் தடுத்தவர் சுப்ரதா பால். வலமும் இடமும் பாய்ந்து அவர் தள்ளிவிட்ட பந்துகளைப் பார்த்துத்தான் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த கிளப் புணே எஃப்.சி. பாலேவாடி மைதானத்து கேலரியில் உட்கார்ந்து ஐ-லீக் பார்த்த புணேக்காரர்களுக்கு அவர் வாராவாரம் பார்த்துப் பழகிய முகம்.

இதே தென்கொரியாவை ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா வென்ற நாள் ஒன்று உண்டு. அன்று இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் ஒரு தமிழர். பெயர் பீட்டர் தங்கராஜ். ஐம்பதைத் தாண்டிய தமிழ் வாசகர்களில்கூடப் பலருக்கு இந்தப் பெயர் தெரிவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். அதனால் இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான்.

1935 டிசம்பர் 24 அன்று ஐதராபாத்தில் பிறந்தவர் தங்கராஜ். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில்தான் பந்தைத் தொட்டுப் பழகினார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணியில் இடம் கிடைத்தது. வியப்பு என்னவென்றால், அவர் ஆரம்பத்தில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் அடிக்க ஓடிக்கொண்டிருந்தவரைத்தான் பிறகு கோலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

கோல்கீப்பரின் வேலை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காக்க வேண்டிய வாசல் அன்றும் இன்றும் ஒரே அளவு: இருபத்து நான்கு அடி அகலம், எட்டடி உயரம். பந்துதான் வேறு. தோலில் தைத்து, மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டிய பந்து. மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும். நெஞ்சில் வாங்கினால் மூச்சு நிற்கும். இன்றைக்குப் போல பஞ்சு வைத்த கையுறை இல்லை. பெரும்பாலும் வெறுங்கைதான். போதாக்குறைக்கு, பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளுவதற்கு விதியில் இடம் இருந்தது. கார்னரிலிருந்து உயர்ந்து வரும் பந்துக்கு அவர் எழும்பும்போது எதிரணியினர் இரண்டு மூன்று பேர் மேலே வந்து மோதுவார்கள். அந்த நெரிசலுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பறிக்க உயரம் வேண்டும், உயரத்தோடு துணிச்சலும் வேண்டும். தங்கராஜுக்கு இரண்டும் இருந்தன.

1955இல் டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்திய விமானப்படையை வீழ்த்தி மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் கோப்பையைத் தூக்கியது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட், வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காகவே உண்டான போட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு அதை வென்ற முதல் ராணுவ அணி நம் நீலகிரியிலிருந்து போனது. 1958இல் கூர்க்கா பிரிகேடைத் தோற்கடித்து அதே அணி மறுபடி வென்றது. இரண்டு வெற்றியிலும் தங்கராஜின் பெயர் உண்டு.

1955இலேயே டாக்காவில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என நான்கு நாடுகள் ஆடிய போட்டியில் இந்திய அணிக்குள் வந்துவிட்டார். மறு வருடம் மெல்போர்ன் ஒலிம்பிக். அதற்கு நான்கு வருடம் முன்புதான் ஹெல்சின்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியிருந்தது இந்தியா. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் வீரர்கள் வெறுங்காலை விட்டு பூட்ஸுக்கு மாறினார்கள். மெல்போர்னில் நெவில் டிசூசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியா, 1-4. கடைசியில் நான்காம் இடம். அந்த யுகோஸ்லாவியாவை இறுதி ஆட்டத்தில் 1-0 என்று வென்று தங்கம் எடுத்தது சோவியத் யூனியன். அதன் கோலில் நின்றவர் லெவ் யாஷின். இருபது வயதுத் தங்கராஜ் தன் தொழிலின் மிகப் பெரிய ஆள் ஆடிய அதே போட்டியில் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

மெல்போர்னுக்கும், 1960இல் ரோமுக்கும் இந்தியா கூட்டிப்போன இரண்டு கோல்கீப்பர்களும் தென்னாட்டு வேர் கொண்டவர்கள். ஒருவர் தங்கராஜ். மற்றவர் எஸ்.எஸ். நாராயண். ஒற்றப்பாலத்தில் பிறந்து மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவர், கால்டெக்ஸ் அணிக்காரர். 1964இல் சென்னையில் சந்தோஷ் கோப்பையை மகாராஷ்டிரம் வென்றபோது அதன் கோல்கீப்பர். 2021 ஆகஸ்டில் தானேயில் மறைந்தார். மகாராஷ்டிரக் கால்பந்து என்றால் நாராயணையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அவருக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

ரோமில் இந்தியாவுக்குக் கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸோடு 1-1, பெருவிடம் 1-3. ஹங்கேரிக்கு ஆடிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஏழு வருடம் கழித்து ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வானவர். பிரான்ஸுக்கு எதிராகக் கடைசி பத்து நிமிடம் வரை இந்தியாதான் முன்னிலையில் இருந்தது. இன்றைய இந்திய அணியை வைத்துப் பார்த்தால் இதெல்லாம் கதை போல இருக்கும். நடந்தது நிஜம்.

இப்போது ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்தது. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது என்றார் இந்தியாவைச் சேர்ந்த குரு தத் சோந்தி. ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் மைதானத்துக்குள் வந்தாலே கூச்சல். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்துக்காரர், உடலில் புற்றுநோயோடு அணியை நடத்திக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தாண்டியது இந்தியா. தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு நகர்த்தினார். அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார் ஜர்னைல்.

இதற்கிடையில் தங்கராஜ் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் நின்று ஆட்டங்களைக் காத்துக் கொடுத்தார். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை மாற்றக் கூடாது என்பதுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்வது. ரஹீம் மாற்றினார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜை செப்டம்பர் 4 அன்று தென்கொரியாவோடு நடந்த இறுதி ஆட்டத்தில் கோலுக்குள் நிறுத்தினார். ஏற்கெனவே ஒரு தடவை நம்மைத் தோற்கடித்த அணியோடு ஆடும்போது, அனுபவமும் உயரமும் உள்ள ஆள் பின்னால் நிற்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பர்மனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதும் புரிகிறது. ஆனாலும் ரஹீம் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒட்டுமொத்தக் கூட்டமும் கொரியாவின் பக்கம். இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தது பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்தான் என்பது அந்த நாளின் மறக்கக் கூடாத செய்தி. பி.கே. பானர்ஜி ஒரு கோல், சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இன்னொரு கோல். இருபது நிமிடத்துக்குள் 2-0. மிச்ச நேரம் முழுக்கப் பின்வரிசைக்கும் கோல்கீப்பருக்கும்தான் வேலை. ஆட்டம் முடியும் தறுவாயில்தான் கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1. தங்கம். சுனி கோஸ்வாமி தலைமையிலான அந்த அணியில் தங்கராஜோடு அருமைநாயகம், எத்திராஜ் என்று இன்னும் இரண்டு தமிழ்ப் பெயர்கள் இருந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு அதற்குப் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.

1960இல் சர்வீசஸ் அணிக்குத் தலைமை தாங்கி சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த கையோடு தங்கராஜ் பட்டாளத்தை விட்டு கல்கத்தாவுக்குப் போனார். முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு மோகன் பகான், 1965 முதல் ஈஸ்ட் பெங்கால். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். மூன்று கூட்டத்தாரின் பாராட்டும் வசவும் அவர் காதில் விழுந்திருக்கும். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பட்டம், இரண்டு முறை ஆசிய ஆல் ஸ்டார் அணியில் இடம், 1967இல் அர்ஜுனா விருது. ஒரு கோல்கீப்பர் பதினாறு வருடம் முன்னணியில் நீடிப்பது சாதாரண விஷயம் இல்லை.

அதே வருடங்களில் லிஸ்பனில் இன்னொரு கோல்கீப்பர் இருந்தார். போர்ச்சுகல் காலனியான மொசாம்பிக்கில் பிறந்து பென்ஃபிகா கிளப்புக்கு 1954 முதல் 1967 வரை கோல் காத்த கோஸ்டா பெரெய்ரா. 1961, 1962 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் கோல்கீப்பர். 1965 இறுதி ஆட்டம் மிலானில், கொட்டும் மழையில். இன்டர் அணியின் ஜாயிர் அடித்த பந்து நனைந்த தரையில் வழுக்கி அவரிடமிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி இல்லை. காயம்பட்டு அவர் வெளியேற, தடுப்பாட்டக்காரர் ஜெர்மானோ கோலில் நின்று ஆட்டத்தை முடித்தார். இரண்டு கோப்பைகளை வென்று கொடுத்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எல்லாரும் அந்த நழுவிய பந்தில்தான் தொடங்குகிறார்கள். கோல்கீப்பர்களுக்கு உலகம் முழுவதும் இழைக்கப்படும் அநியாயம் இது. தங்கராஜுக்கு நாம் இழைத்தது இதைவிட மோசம். அவர் பிடித்த பந்துகளும் நினைவில் இல்லை, விட்ட பந்துகளும் நினைவில் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சி கொடுக்கப் போனார். போர்ச்சுகீசியர் ஆட்சி முடிந்து பத்தாண்டுக்கு மேல் அதிகம் ஆகியிராத கோவாவில், வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்தார். பிற்பாடு பொகாரோ எஃகு நகரம். அங்கேயே 2008 நவம்பர் 24 அன்று மாரடைப்பில் காலமானார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்த குடும்பங்கள், கிர்க்கியிலும் புணே கன்டோன்மென்டிலும் குடியேறிய பழைய ராணுவத் தமிழ்க் குடும்பங்கள், கல்கத்தா மைதானில் அறுபதுகளில் ஆட்டம் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியின் குரூப் போட்டோவோ, டூரண்ட் ஆட்டத்தின் டிக்கெட்டோ, அப்பாவோ தாத்தாவோ சொன்ன ஒரு நினைவோ இருந்தால் போதும். அன்றைய ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.