சொல்லுக்கு வழிவிடும் நரம்பு

சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் வட்டாரத்தில் விடியவிடியக் கதை கேட்பதென்றால் அது தெருக்கூத்துதான். திரௌபதியம்மன் திருவிழாவில் முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் பாரதத்தை முன்னே இழுத்துச் செல்லும். முடியும் புஜக்கட்டையும் தரித்து ஆடுகிறவர்கள் கண்ணைத் தூங்கவிட மாட்டார்கள். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் நிலைமை வேறு. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை என்ற கோயில் விழா நடக்கும் இரவில், கதை பாடுகிறவர்களுக்கு வேடம் கிடையாது, ஆட்டம் கிடையாது. ஒரு பெரிய வில்லின் முன்னே சிலர் உட்கார்ந்தபடி பாடுகிறார்கள். அவ்வளவிலேயே ஊர் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது. கோலால் அடித்து எழுப்பும் நரம்பிசை தமிழ்நாட்டு மக்களிடையே இந்த வில்லுப்பாட்டாகத்தான் வேரூன்றியது. அதன் கவர்ச்சிக்குப் பக்தியைக் காரணம் சொல்வார்கள், கதையைக் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அடிபட்ட நரம்பின் தன்மையே முதல் காரணம் என்பது என் கருத்து.

மீட்டிய வீணையில் விரலால் நரம்பை இழுத்து ஒலியை வளைக்கலாம். ஊதும் குழலில் மூச்சு உள்ளவரை ஒலி நிற்கும். அடித்த நரம்பு அப்படியல்ல. சட்டென்று எழுந்து, உடனே தேயத் தொடங்கிவிடும். அடுத்த அடி விழும்வரை இடைவெளி. கதை சொல்லும் கலைக்கு இந்த இடைவெளிதான் வேண்டும், ஏனென்றால் சொல் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். வில்லுப்பாட்டுக் குழுவின் அமைப்பே இதற்கு ஏற்றபடி இருக்கிறது. குழுத் தலைவரான அண்ணாவி வீசுகோல்களை நாணில் வீசுகிறார், வில்லில் கட்டிய மணிகள் கூடவே ஒலிக்கின்றன. வில்லைத் தாங்கும் மண்குடத்தின் வாயில் ஒருவர் பத்தி என்ற மட்டையால் அடிக்கிறார். உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்கின்றன. வலத்தே இருப்பவர் எடுத்த அடியை இடத்தே இருப்பவர் வாங்கிப் பாடுகிறார். வசனம் வரும்போது ஓசையெல்லாம் அடங்கி, ‘ஆமா’ என்ற பதில் மட்டும் கேட்கிறது. நா. வானமாமலை 1970களில் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை போன்றவற்றை அச்சில் படிக்கிறவருக்கு, ஒரே செய்தி திரும்பத்திரும்ப வருவது அலுப்பாகத் தோன்றலாம். அப்படித் திரும்ப வருபவையெல்லாம் வில்லுக்கும் பின்பாட்டுக்கும் விட்ட இடங்கள். தாளில் அவை வெற்றிடமாகிவிடுகின்றன.

வில்லில் சுரவரிசை ஏது, அதை நரம்பிசை என்று சொல்வதைவிடத் தாளக்கருவி என்று சொல்வதே சரி என்பார்கள். சுரவரிசை இல்லைதான். ஆனால் சுரம் நிறைந்த கருவிக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காஷ்மீரத்தில் பார்க்கலாம். கோலால் அடித்து வாசிக்கும் நூறு நரம்புச் சந்தூர் அங்கே சூஃபியானா இசையில் பாடலுக்குத் துணையாக இருந்தது. சிவகுமார் சர்மா அதைத் தனிக்கச்சேரிக்குக் கொண்டுவந்தபோது, 1955இல் பம்பாயில் அவர் வாசித்ததைக் கேட்டவர்களில் சிலர், இதில் சுரத்தை இழைக்க முடியாதே, ராகம் எப்படி நிற்கும் என்றார்கள். அவர் நரம்புகளைக் குறைத்தார், சுருதி அமைப்பை மாற்றினார், கோலை நரம்பின்மேல் வழுக்கவிட்டு ஒலியை நீட்டக் கற்றார். பெரிய சாதனை அது. ஆனால் அங்கே குறையாகப்பட்ட ஒன்று, பாட்டுக்குத் துணைநிற்கும் இடத்தில் குறையே அல்ல. ஒலி தேய்வதைக் கச்சேரி மேடை வென்றாக வேண்டியிருந்தது. கொடை மேடை அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கூட்டத்தை இருத்துவது சாமிதான், இசை அல்ல என்பது. குமரிப் பகுதியில் ஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல், கதைநாயகரின் சாவைப் பாடும் கட்டத்தில்தான் நிகழ்த்துதல் உச்சத்தை எட்டுவதையும் சாமியாடிகள்மேல் தெய்வம் இறங்குவதையும் விரிவாகக் காட்டுகிறது. பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையை மணந்து, ஆநிரை கவர்ந்தவர்களோடு பொருது மாண்ட முத்துப்பட்டனுக்கு, சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் வழிபாடு உண்டு. கேட்பவருக்கு அது வெறும் கதையல்ல. இதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சாமியே முழுக் காரணம் என்றால் கோயிலை விட்டு வெளியேறிய வில் ஊமையாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. நாகர்கோவில்காரரான என்.எஸ். கிருஷ்ணன் அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். நெல்லையிலிருந்து வந்த சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் மேடையிலும் பல பத்தாண்டுகள் பாடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். குடும்பக் கட்டுப்பாட்டையும் சிறுசேமிப்பையும்கூட வில் சுமந்தது. எந்தச் செய்தியானாலும் சொல் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்தாலும் மேடையில் ஒன்று குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் வில்லில் நகைச்சுவைக்கு இடம் பெருகியது, சாவுக் கட்டத்துக்கு இடம் போயிற்று. அடியின் வேகம் மெல்ல மெல்ல ஏறி, கேட்பவரின் நெஞ்சையும் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போவதற்கு நீண்ட இரவு வேண்டும். சுப்பு ஆறுமுகமும் சிவகுமார் சர்மாவும் 2022ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள். இருவரின் வாசிப்பும் ஒலிப்பதிவுகளில் கிடைக்கிறது. கொடையில் இரவெல்லாம் பாடும் அண்ணாவிகளுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். பல்கலைக்கழகங்களும் வானொலி நிலையங்களும் துண்டு துண்டாக அல்லாமல், தொடக்கச் சடங்கான குடியழைப்பு முதல் விடியல்வரை முழுக் கொடையைப் பதிவு செய்யட்டும்.